பேர் தெரியாத பிள்ளையை அடக்க முடியாது: கத்தாமல் வகுப்பு நடத்த நான் செய்கிற சில வேலைகள்

கரும்பலகையின் வலது ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே க்ளாஸ் லீடர் பெயர்கள் எழுதி வைப்பானே, அந்தப் பட்டியலை நம்பித்தான் நான் முதல் இரண்டு வருடம் வகுப்பு நடத்தினேன். உள்ளே நுழைந்ததும் பட்டியலைப் பார்ப்பேன், ஏழெட்டுப் பேரை எழுப்பி நிற்க வைப்பேன், அதில் பாதிப் பேர் "சார், நான் பேசவே இல்ல சார், அவனுக்கு என்னைப் பிடிக்காது சார்" என்பார்கள், அந்த வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவே பத்து நிமிடம் போய்விடும். லீடரின் கூட்டாளி பெயர் ஒருநாளும் அதில் இருந்ததில்லை. பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் 'மிக மிக அதிகம்' என்று எழுதி நாலு பெருக்கல் குறி வேறு போட்டிருப்பான்.

நான் கணக்கு ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எனக்கு ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவைக் கொடுத்தார்கள். 46 பேர். ஆசிரியர் அறையில் அதற்கு 'அடங்காத செக்ஷன்' என்றே பெயர். கத்தினேன். கத்தினால் இரண்டு நிமிடம் அமைதி, அப்புறம் முன்னைவிடக் கூடுதல் சத்தம். வராந்தாவில் பி.டி. சார் நடந்து போனால் மட்டும் ஊசி விழுந்தால் கேட்கும், அவர் திரும்பியதும் பழையபடி சந்தை. அக்டோபருக்குள் தொண்டை கட்டி, மிளகும் பனங்கற்கண்டும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எங்கள் பள்ளியில் ஒரே ஒருவர்தான் குரலை உயர்த்தாமல் முந்நூறு பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டிருந்தார். அவர் ஆசிரியர் இல்லை, சத்துணவு பரிமாறுகிற அக்கா. தட்டேந்தி வருகிறவனைப் பார்த்து "நேத்து ஏன் வரல, காய்ச்சல் போச்சா?" என்பார். அடுத்தவனிடம் "உனக்கு முட்டை ஆகாதுல்ல, இந்தா பழம் எடுத்துக்க" என்பார். அதற்கடுத்த பெண்ணிடம் "உன் தம்பி இன்னும் சாப்பிட வரலையே, எங்க போனான் பாரு". வரிசை வரிசையாகவே நின்றது. மூன்று நாள் தள்ளி நின்று பார்த்த பிறகுதான் உறைத்தது, அந்த அக்காவுக்கு அத்தனை பேருடைய பெயரும் தெரியும். எனக்கோ என் வகுப்பில் பதினாறோ பதினேழோ பெயர்தான் தெரியும். நன்றாகப் படிக்கிற பத்துப் பேர், பட்டியலில் தினமும் வருகிற ஆறேழு பேர். நடுவில் இருந்த முப்பது பேர் எனக்கு வெறும் தலைகள்.

அதற்கப்புறம் பல வருடங்களாகத் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்து, இப்போதும் ஒவ்வொரு ஜூனிலும் திரும்பச் செய்கிற வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பி.எட். முடித்துப் புதிதாகச் சேருகிறவர்கள் "சார், க்ளாஸ் கன்ட்ரோல் எப்படி சார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பயிற்சிக்குப் போனால் மாணவர் மையக் கற்பித்தல் என்று ஸ்லைடு ஓடுகிறது, மதியம் சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் 46 பேரை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை முதல் பீரியடில் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

முதல் வேலை பெயர்

பள்ளி திறப்பதற்கு முன்பே, மாணவர் விவரங்களைப் பள்ளிக்கல்வித் துறை பதிந்து வைக்கிற எமிஸ் தளத்திலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்துவிடலாம். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை, முகத்தோடு ஒட்டினால்தான் பெயர் நிற்கும். முதல் நாளே ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் போட்டு, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள், அந்தத் தாள் மேசை மேலேயே இருக்கட்டும். கேள்வி கேட்கும்போது தாளைப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்கள் தாளைப் பார்க்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, மெனக்கெடுகிறார் என்று அவர்களுக்குப் புரியும்.

இன்னொரு தந்திரம், இதை ஏன் எல்லோரும் செய்வதில்லை என்றே தெரியவில்லை. திருத்திய நோட்டுகளை லீடரிடம் கொடுத்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள், நீங்களே ஒவ்வொருவர் இடத்துக்கும் போய்க் கொடுங்கள். ஆறேழு நிமிடம் பிடிக்கும். ஆனால் பெயர், முகம், கையெழுத்து, அட்டை போட்டிருக்கிறானா கிழிந்திருக்கிறதா, எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் பதியும். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் 46 பேரும் வந்துவிடுவார்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள், இன்ஷியலோடு கூப்பிடுங்கள், 'குண்டு கார்த்திக்', 'கறுப்பு கார்த்திக்' என்று பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரை நீங்களும் சொல்லத் தொடங்கினால் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தெருப் பெயரைச் சொல்லி, "அந்தக் காலனிப் பசங்க" என்று கூப்பிடுகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லோடு அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் இடையே எல்லாம் முடிந்தது, அதற்கப்புறம் வருடம் முழுக்க என்ன செய்தாலும் ஒட்டாது.

உட்காரவைப்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்படி உட்காரவைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பலவற்றோடு இந்த இரண்டு விஷயமும் சொன்னது: அகர வரிசைப்படி உட்காரவையுங்கள், சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறு கையில் கட்டிவருவதை நிறுத்துங்கள். அகர வரிசை எளிமையான யோசனைதான், ஆனால் வேலை செய்கிறது, யாருக்கும் யாரோடும் உட்காரத் தனிக் காரணம் தேவைப்படாமல் போகிறது. நான் அதோடு மாதம் ஒருமுறை வரிசையை ஒரு பெஞ்சு முன்னே நகர்த்துகிறேன், அதனால் கடைசி பெஞ்சு யாருக்கும் நிரந்தரம் இல்லை. 2025 ஜூலையில் 'ப' வடிவில் உட்காரவைக்கச் சொல்லி அறிவுறுத்தல் வந்தபோது எங்கள் அறையில் பெஞ்சுகளைப் போட்டுப் பார்த்தோம், ஆறு பேர் வராந்தாவுக்குப் போக வேண்டியிருந்தது. இருபது இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பு என்றால் கட்டாயம் செய்து பாருங்கள்.

வாசலில் நில்லுங்கள்

சத்தம் எப்போது தொடங்குகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் பாடத்தின் நடுவில் இல்லை, ஒரு ஆசிரியர் வெளியே போய் அடுத்தவர் வருவதற்குள் இருக்கிற அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான். அதில் ஒரு ரப்பர் பறக்கும், ஒருவன் சட்டையில் மை தெறிக்கும், நீங்கள் உள்ளே வரும்போது பாதிச் சண்டை முடிந்து பாதிச் சண்டை மிச்சமிருக்கும். எனவே பெல் அடித்ததும் ஆசிரியர் அறையில் டீயை முடித்துவிட்டுக் கிளம்பாமல், முடிந்தவரை சீக்கிரம் போய் வாசலில் நில்லுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்தோ பி.டி. பீரியட் முடிந்தோ பிள்ளைகள் உள்ளே வருகிற நேரமாக இருந்தால் இன்னும் வசதி. ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு வார்த்தை. "என்னப்பா, முடி வெட்டிட்டியா", "கால் வீக்கம் வத்திடுச்சா", இல்லாவிட்டால் பெயரைச் சொல்லி ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். 2018-ல் அமெரிக்காவில் க்ளேட்டன் குக் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் நடுநிலை வகுப்புகளில் இதையே செய்து அளந்து பார்த்திருக்கிறார்கள், பாடத்தில் கவனம் இருக்கிற நேரம் 20 சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது, இடைஞ்சல் 9 சதவீதப் புள்ளி குறைந்திருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அளக்கவில்லை, ஆனால் நான் வாசலில் நிற்காத நாளில் என் தொண்டை அளந்து சொல்லிவிடும்.

வாசலில் நிற்பதால் இன்னொரு லாபம், யார் அன்றைக்கு முகம் வாடி வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். சிவந்த கண்ணோடு வந்த பெண்ணை அன்றைக்குக் கரும்பலகைக்குக் கூப்பிட மாட்டீர்கள். இது தெரியாமல் கூப்பிட்டு, அவள் அழுது, ஏன் அழுகிறாள் என்று நான்கு பேர் கூடி, அந்தப் பீரியடே போன அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டு நிமிடம், பத்து நாள்

ரேமண்ட் வ்லாட்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் சொன்ன வழி இது. வகுப்பில் உங்களை அதிகம் படுத்துகிற ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். தொடர்ந்து பத்து பள்ளி நாள், தினமும் இரண்டு நிமிடம், அவனோடு பேசுங்கள். பேச்சு படிப்பைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ இருக்கக் கூடாது. அறிவுரை அறவே கூடாது. அவனுக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் பற்றி.

கேட்கச் சுலபம், செய்யக் கஷ்டம். நமக்கு வாயைத் திறந்தாலே அறிவுரைதான் வரும். நான் முதன்முதலில் செய்தபோது தேர்ந்தெடுத்தவன் அந்த 'பி' செக்ஷனில் பட்டியலில் நாலு பெருக்கல் குறி வாங்குகிறவன். முதல் நாள் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் பிடித்தேன். "சாப்ட்டியா?" "ம்." "என்ன சாப்பாடு?" "சாம்பார்." அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனுக்கோ என்ன மாட்டினோமோ என்று பயம், எதையோ கண்டுபிடித்துவிட்டேன், அதற்குத்தான் சுற்றி வளைக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். இரண்டாம் நாள் கிரிக்கெட் பற்றிக் கேட்டேன், அவன் ஆடுவதில்லை. மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் கழிவறைப் பக்கம் ஓடிவிட்டான்.

நான்காம் நாள் அவன் சட்டைப்பையில் கொஞ்சம் கம்பு இருந்ததைப் பார்த்து இது எதற்கு என்றேன். புறாவுக்கு. அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மாடியில் பதினோரு புறா வளர்க்கிறான், கர்ணப் புறா எப்படிக் குட்டிக்கரணம் போடும், ஹோமர் புறா எவ்வளவு தூரத்திலிருந்து வீடு திரும்பும், பூனை வந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொன்னான். எனக்குப் புறாவைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதுதான் நல்லதாகப் போயிற்று. முதல்முறையாக அவன் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் இருந்தான், நான் முட்டாள்தனமாகச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு கட்டத்தில் "சார், இது கூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று சிரித்தான்.

பத்து நாளில் திருந்திவிட்டானா என்றால் இல்லை. வகுப்பில் பேசத்தான் செய்தான். ஆனால் முன்பெல்லாம் நான் அதட்டினால் பதிலுக்கு முறைப்பான், அவன் முறைத்ததைப் பார்த்து பின்னால் மூன்று பேர் சிரிப்பார்கள், அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வரும். இப்போது நான் திரும்பிப் பார்த்தாலே "சரி சார்" என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு நோட்டைத் திறந்துவிடுவான். எனக்கு அது போதுமாக இருந்தது. அவன் அடங்கினதும் பின்னால் சிரிக்கிற மூன்று பேருக்கும் வேலை இல்லாமல் போனது.

இதைச் செய்யும்போது சில எச்சரிக்கை. தினமும் ஒரே இடத்தில், எல்லோர் பார்வையும் படுகிற இடத்தில் பேசுங்கள், மரத்தடி, வராந்தா, தண்ணீர்க் குழாய் பக்கம். ஆண் ஆசிரியர்கள் மாணவிகளோடு பேசும்போது கூட இரண்டு தோழிகள் இருக்கட்டும், தனி அறை வேண்டவே வேண்டாம். குடும்பத்தைத் தோண்டாதீர்கள், "அப்பா என்ன செய்யறார்?" என்ற சாதாரணக் கேள்வி சில பிள்ளைகளுக்குக் கத்தி மாதிரி. அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சேட்டை செய்கிற ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு சோகக்கதை இருக்கும் என்று தேடிப் போகாதீர்கள். இருக்கும் சிலருக்கு. முகூர்த்த நாளில் விடிய விடியப் பந்தி பரிமாறிவிட்டு வந்து தூங்குகிறவன் உண்டு, அவனை எழுப்பி முகம் கழுவச் சொல்லிவிட்டு, பிறகு தனியாக அதைப் பேச வேண்டும். ஆனால் பலர் சும்மா அலுப்பில் சேட்டை செய்கிறார்கள், நீங்கள் நடத்துகிற பாடம் போரடிக்கிறது, அவ்வளவுதான். அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வருடத்துக்கு எத்தனை பேரோடு இப்படிச் செய்ய முடியும்? ஒரு நேரத்தில் ஒருவர், அதிகம் போனால் இருவர். நான் அதிகபட்சம் எட்டுப் பேரோடு செய்திருக்கிறேன். எல்லோருக்கும் தேவையும் இல்லை. நடுவில் இருக்கிற அந்த முப்பது அமைதியான பேருக்கு வாசல் வார்த்தையும் நோட்டில் ஒரு வரியும் போதும். 'குட்' என்று எழுதினால் அது வரி இல்லை. 'மூணாவது படியில் குறியைச் சரியா மாத்திருக்க, அடுத்ததுல ஏன் விட்டுட்ட?' என்பதுதான் வரி, தன் நோட்டை ஒருவர் படித்திருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

தப்பு நடக்கிற அந்த நேரத்தில்

சரி, இத்தனையும் செய்தாயிற்று, ஆனாலும் பாடத்தின் நடுவில் ஒருவன் பேப்பர் ராக்கெட் விடுகிறான். என்ன செய்வது?

நடத்திக்கொண்டே அவன் பக்கம் நடந்து போங்கள். பாதி நேரம் பக்கத்தில் போய் நின்றாலே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "இப்ப என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "ஏன்டா இப்படிப் பண்ற?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் பதிலே கிடையாது, பொய்தான் வரும். கேட்டுவிட்டு அங்கேயே நின்று முறைத்துக்கொண்டிருக்காமல் நகர்ந்துவிடுங்கள். நீங்கள் நின்றால் நாற்பத்தைந்து பேரும் பார்ப்பார்கள், அத்தனை பேர் பார்க்கும்போது பதினான்கு வயதுப் பிள்ளை பணிந்து போக மாட்டான், அவன் மானம் அங்கே இருக்கிறது. நகர்ந்தால் ராக்கெட்டை பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டுப் பேனாவை எடுப்பான்.

பெரிய தப்பு என்றால் வகுப்பு முடிந்ததும் ஒரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். நடந்தது என்ன, யாருக்கு என்ன பாதிப்பு, எப்படிச் சரி செய்யப்போகிறாய், இந்த மூன்றும் போதும். மை தெளித்தவன் துவைத்துக் கொடுப்பானா, மன்னிப்புக் கேட்பானா என்பதை அவனே சொல்லட்டும். அப்புறம் முக்கியமான ஒன்று, மறுநாள் காலை வாசலில் அவனைப் பார்க்கும்போது நேற்றைய கணக்கு உங்கள் முகத்தில் இருக்கக் கூடாது. இதுதான் எனக்கு இன்றுவரை சரியாக வராதது. பேசிவிடுவேன், மனதில் வைத்துக்கொள்வேன், இரண்டு நாள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விடுவேன், அவன் அதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவான்.

முழு வகுப்புக்கும் தண்டனை கொடுக்காதீர்கள். அக்காவோடு ஒப்பிடாதீர்கள் ("உங்க அக்கா இதே ஸ்கூல்ல எப்படிப் படிச்சா தெரியுமா?"). கிண்டல் செய்து மற்றவர்களைச் சிரிக்க வைக்காதீர்கள், அந்த நேரத்துக்கு வகுப்பு உங்கள் பக்கம் இருக்கிற மாதிரித் தெரியும், அடுத்தது நம்மைத்தானோ என்று எல்லோரும் உள்ளுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். "டிசி கிழிச்சுருவேன்" என்பது வெறும் வாய்ச்சவடால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கவே முடியாது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "ரெண்டு போட்டாத்தான் சரிப்படும், எங்களை எல்லாம் அடிச்சுத்தான் வளர்த்தாங்க" என்று பேசுகிறவர்கள் நிறைய. பெற்றோரே வந்து "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று சொல்லும் ஊர் இது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேலை நடக்கிறதா என்று மட்டும் பார்த்தாலும், பிரம்பு இருக்கிற ஆசிரியர் வகுப்பு பிரம்பு இருக்கிற வரைக்கும்தான் அமைதியாக இருக்கிறது, அடுத்த பீரியடில் வருகிற டீச்சர்தான் அதற்கு விலை கொடுக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கணக்கெடுத்ததில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். தெரியவில்லை என்றால் "உட்கார், தெண்டம்" என்று சொல்லாமல், "பக்கத்துல கேட்டுட்டுச் சொல்லு, உன்கிட்டயே திரும்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறக்காமல் திரும்பப் போங்கள்.

வீட்டுக்கு போன்

பள்ளியிலிருந்து வீட்டுக்கு போன் போனாலே அம்மாக்கள் முதலில் கேட்பது, "என்ன சார் பண்ணிட்டான்?" இதை மாற்ற வேண்டும். ஜூலை முடிவதற்குள் வகுப்பில் படுத்துகிற பத்துப் பேர் வீட்டுக்கு, ஒன்றும் நடக்காத ஒரு நாளில், நல்ல செய்தி ஒன்றைச் சொல்ல மட்டும் போன் செய்யுங்கள். பொய் சொல்ல வேண்டாம், தேடினால் ஏதாவது கிடைக்கும். "இன்னைக்கு ஒரு பையனுக்கு மயக்கம் வந்துச்சு, உங்க பையன்தான் தண்ணி எடுத்துட்டு ஓடி வந்தான்" என்று ஒரு அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "வேற ஒண்ணும் இல்லியா சார்?" என்று மூன்று முறை கேட்டார். மறுநாள் அந்தப் பையன் என்னை நேரே பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றினான். பின்னால் செப்டம்பரில் உண்மையிலேயே ஒரு பிரச்சினைக்கு அழைக்க வேண்டி வந்தபோது அந்த அம்மா மறுநாளே பள்ளிக்கு வந்தார், என் மேல் கோபப்படாமல் பேசினார். "அப்பாவைக் கூட்டிட்டு வா, இல்லன்னா உள்ள வராதே" என்று அனுப்பினால் அப்பா வரமாட்டார், திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார், தெருமுனைக் கடைக்காரரைச் சித்தப்பா என்று கூட்டிவருவான், அதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கே நிறுத்த வேண்டும்

உறவு என்றதும் சிலர் பிள்ளைகளோடு தோளில் கைபோட்டு, 'மச்சி' ரேஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த இளவயது ஆசிரியர்களுக்கு இது வருகிற ஆசை. வேண்டாம். அவர்களுக்குக் கூட்டாளிகள் நிறைய இருக்கிறார்கள், ஆசிரியர்தான் குறைவு. ஹோம்வொர்க் என்றால் ஹோம்வொர்க், டெஸ்ட் என்றால் டெஸ்ட், பிடித்த பிள்ளைக்கு ஒரு விதி, பிடிக்காத பிள்ளைக்கு ஒரு விதி என்று இருந்தால் நீங்கள் கட்டியதெல்லாம் ஒரே நாளில் சரியும். புறாக்காரன் டெஸ்டில் பார்த்து எழுதியபோது பேப்பரை வாங்கினேன், அவனும் வாங்குவேன் என்று எதிர்பார்த்தே இருந்தான். இரவு பத்து மணிக்கு வாட்ஸாப்பில் தனியாகப் பேசுவது, பணம் கொடுத்து வாங்குவது, பைக்கில் ஏற்றிக்கொண்டு சுற்றுவது, இதெல்லாம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

நம்பிக்கை வந்தபின் சில பிள்ளைகள் "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சார்" என்று கேட்டுவிட்டுப் பேச வருவார்கள். சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்து இல்லாத விஷயம்னா என்னோட இருக்கும், ஆபத்துன்னா உதவி செய்யறவங்ககிட்ட நான் சொல்லியாகணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் குற்றம், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் சரி. குழந்தை உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள், பெரும்பாலும் உங்களிடம் சொல்லாததைப் பிள்ளை அங்கே சொல்லும்.

நீங்கள் தப்புச் செய்தால் மன்னிப்புக் கேளுங்கள். ஒருமுறை தவறான ஆளைத் திட்டிவிட்டேன், எல்லோர் முன்னாலும் திட்டியதால் மறுநாள் எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். மரியாதை போய்விடும் என்று ஆசிரியர் அறையில் எச்சரித்தார்கள். போகவில்லை, பதிலுக்கு உண்மையான குற்றவாளி மதியம் தானாக வந்து நின்றான்.

ஜூனில் தொடங்க வாய்ப்பில்லாமல், யாரோ மாறுதலில் போய் நவம்பரில் ஒரு வகுப்பு உங்கள் தலையில் விழுந்தால் எல்லாவற்றையும் செய்ய நேரமிருக்காது. அப்போது சுருக்கமாக: முதல் நாள் பாடம் எடுக்காமல் பெஞ்சு வரைபடம் போடுங்கள். முதல் இரண்டு வாரம் நோட்டை நீங்களே கொடுங்கள். பெல் அடித்ததும் வாசலுக்குப் போங்கள். இரண்டு நிமிடப் பேச்சுக்கு மூன்று பேரைக் குறித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக அரையாண்டுக்குள் முடியுங்கள். அந்த மூன்று பேர் யார் என்று ஆசிரியர் அறையில் கேட்காதீர்கள், பட்டியலோடு சேர்த்துப் பழைய கோபத்தையும் கொடுத்துவிடுவார்கள். மதியம் தட்டோடு வரிசை நிற்கும்போது சத்துணவு அக்காவிடம் கேளுங்கள்.